பிள்ளையின் காலில் ஒரு கருவி வேண்டுமா? திருகோணமலை வீடுகளுக்கு ஏற்றது எது

ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர்கள், ஊரில் பிள்ளை பிறக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால் ஒரு காலத்தில் பால்மாவும் உடுப்பும் சொக்கலேட்டும் அனுப்பினார்கள். இப்போது, "பிள்ளை நித்திரையில் மூச்சு விடுகிறதா என்று பார்க்கிற சாமான் ஒன்று அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்கள். உவர்மலையில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கும் அந்தக் கேள்வி வந்தது. கனடாவில் இருக்கும் அவளுடைய தமையன் தன் பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தியவன். அது இல்லாவிட்டால் தாங்கள் கண் மூடியிருக்கவே மாட்டோம் என்கிறான். அவளுடைய மாமியாரோ, "நான் ஐந்து பிள்ளை வளர்த்தேன், எந்தப் பிள்ளையின் காலில் மெசின் கட்டினேன்?" என்கிறார். வைத்தியசாலைக் கருவிகளைத் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

கருவிகளோடு வாழ்ந்தவன் நான். அவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இவை யாவும், பிள்ளை தனி அறையில் தனிக் கட்டிலில் தூங்க, பெற்றோர் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் வீட்டுக்காகச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் பிள்ளை தாயின் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. விளம்பரத்தில் ஒளிரும் நன்மைகளில் பாதி இங்கே தேவைப்படாது. விளம்பரத்தில் வராத தொல்லைகளில் பாதி இங்கேதான் தலை காட்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது

இந்தச் சந்தையை நடத்துவது திடீர்ச் சிசு மரணம் பற்றிய பயம். நலமாக இருந்த, ஒரு வயது நிரம்பாத குழந்தை நித்திரையில் இறந்துவிடுகிறது; உடற்கூற்றுப் பரிசோதனையும் விசாரணையும் செய்த பின்னும் காரணம் கிடைப்பதில்லை. இரண்டு முதல் நான்கு மாத வயதில் இது உச்சத்தில் இருக்கிறது. பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள் நிகழ்பவை. அமெரிக்காவில் மூச்சடைப்பையும் சேர்த்து, நித்திரையோடு தொடர்புடைய சிசு மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500. இப்படியொரு விடயத்தைப் படித்துவிட்டுப் புதிதாகத் தாயான ஒருத்தி நடு இரவில் எழுந்து பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தால், அவளைப் பயந்தவள் என்று கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் "மூச்சு நிற்பதைக் கருவி பிடித்துவிட்டால் மரணத்தைத் தடுக்கலாம்" என்ற எண்ணம் எங்கே முளைத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு அல்பிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்விதழில் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார். நித்திரையில் நீண்ட நேரம் மூச்சு நிற்பதுதான் திடீர் மரணத்துக்கு முன்னோடி என்பது அவருடைய வாதம். ஐவரில் இறந்துபோன இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மூத்த மூவரும் அதற்கு முன்பே இறந்திருந்தார்கள். இந்தக் கட்டுரைக்குப் பின்னர் வீட்டு மூச்சுக் கண்காணிப்புக் கருவி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1994இல் அந்தத் தாய், வனீட்டா ஹொய்ட், கைது செய்யப்பட்டார். பிள்ளைகளைத் தானே மூச்சுத் திணறச் செய்து கொன்றதாக ஒப்புக்கொண்டார்; பின்னர் அதை மறுத்தாலும், ஐந்து பிள்ளைகளையும் கொன்ற குற்றத்துக்காக 1995இல் நியூயோர்க் மாநில நீதிமன்றம் அவருக்குத் தண்டனை அளித்தது. ஒரு தொழில்துறையின் மூலக்கல்லாக இருந்த இரண்டு மரணங்களும் நோயால் நிகழ்ந்தவையே அல்ல.

அந்தக் கட்டுரை சரிந்துவிட்டதால் மட்டும் கருத்தும் பொய்யாகிவிடாது என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். அதற்கு விடை 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 1,079 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கருவி பொருத்திக் கவனித்த ஆய்வு அது. மூச்சு நிற்பதும் இதயத் துடிப்பு குறைவதும், வழமையான அலாரம் அடிக்கும் அளவுக்கு, 41 வீதமான குழந்தைகளில் காணப்பட்டன. நிறைமாதத்தில் பிறந்த, எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளும் அதில் அடக்கம். கடுமையான நிகழ்வுகள் குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம் இருந்தன. ஆனால் கருவுற்றதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 43 வாரத்தோடு அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள். திடீர் மரணங்கள் உச்சம் தொடுவது அதற்குப் பிந்திய வயதில். முன்னோடி என்று நம்பப்பட்டது அடங்கிய பிறகுதான் பின்னால் வருவது தொடங்குகிறது என்றால், இரண்டையும் முடிச்சுப் போட முடியாது.

மரணங்களைக் குறைத்தது எது என்பதும் பதிவில் இருக்கிறது. பிள்ளையை மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்று பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் பிரசாரம் தொடங்கியது. இரு நாடுகளிலும் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஒரு ரூபாய்ச் சாமானும் அதற்கு வாங்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: வீட்டுக் கண்காணிப்புக் கருவியைத் திடீர் மரணத்தைத் தவிர்க்கும் உபாயமாகப் பயன்படுத்த வேண்டாம். மாட்டக் கூடாது என்று தடுக்கவில்லை. மாட்டிய தைரியத்தில் மற்றக் கவனங்களைத் தளர்த்திவிடாதீர்கள் என்பதே எச்சரிக்கை.

காலுறை

தமையன் அனுப்ப விரும்புவது இதைத்தான். அவ்லெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ட்ரீம் சொக்' இந்த வகையில் பெயர் பெற்றது. பாதத்தைச் சுற்றி மாட்டும் துணிக்குள் ஓர் உணரி இருக்கிறது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் செலுத்தி, இரத்தம் எவ்வளவை உறிஞ்சுகிறது என்பதிலிருந்து ஒட்சிசன் அளவையும் நாடித் துடிப்பையும் கணிக்கிறது. வைத்தியசாலையில் விரலில் கவ்வ விடும் கருவியின் அதே தத்துவம். 1970களின் முற்பகுதியில் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர் கண்டது.

இந்தத் தத்துவத்தின் பலவீனங்கள் எனக்குத் தொழில்வழிப் பழக்கம். முதல் எதிரி அசைவு. பிள்ளை கால் உதைத்தால் எண் தடுமாறும். உறை பாதத்தில் திரும்பிவிட்டால், ஒளி அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் இடம் மாறி, இல்லாத குறைவைக் காட்டும். கண்ணூறு படாமல் இருக்க உள்ளங்காலில் வைக்கிறோமே கறுப்புப் பொட்டு, அது ஒளி செல்லும் பாதையில் அகப்பட்டாலும் கணக்குப் பிழைக்கும். அமெரிக்காவில் எழுதிய கைநூலில் அந்தப் பொட்டை யார் நினைத்திருக்கப் போகிறார்கள்?

தோலின் நிறம் இதைவிடப் பெரிய விடயம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, வைத்தியசாலையில் இருந்த வயதுவந்த நோயாளிகளை ஆராய்ந்தது. இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது ஒட்சிசன் உண்மையில் குறைவாக இருந்தும், ஒளிக்கருவி நல்ல எண் காட்டிய சந்தர்ப்பங்கள் வெள்ளையரை விடக் கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன. கருமையான தோலில் இந்தக் கருவி இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும் பக்கம் சாய்கிறது என்பது இதன் பொருள். நம் பிள்ளைகளின் நிறத்தை வைத்துப் பார்த்தால், இந்தச் சாய்வு வேண்டாத அலாரத்தைத் தராது. வர வேண்டிய அலாரத்தைத் தாமதப்படுத்தும். இரண்டில் மோசமானது அதுதான்.

கடையில் வாங்கும் காலுறைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலை மருத்துவர்கள் 2018இல் சோதித்தார்கள். ஆறு மாதம் வரையான 30 குழந்தைகள். வைத்தியசாலைக் கருவி ஒரு பக்கம், கடைக் கருவி மறு பக்கம். அவ்லெட்டின் அப்போதைய மாதிரி ஒட்சிசன் குறைவைப் பெரும்பாலும் பிடித்தது, ஆனால் ஒரே சீராக அல்ல. போட்டியாக இருந்த 'பேபி விடா' ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நாடித் துடிப்பை இருப்பதைவிடக் குறைத்தும் காட்டியது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான சாமான்கள். விலை மலிவாக, பெயர் தெரியாத நிறுவனத்தின் காலுறை இணையத்தில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது கருவியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவ்லெட்டின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அனுமதி பெறாத மருத்துவக் கருவியை விற்கிறீர்கள் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஒக்டோபரில் அந்த நிறுவனத்தை எச்சரித்தது. அந்த ஆண்டே பழைய காலுறை அங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. புதிய மாதிரிக்கு 2023 நவம்பரில் அதே நிர்வாகம் அனுமதி அளித்தது. ஒன்று முதல் 18 மாத வயதுள்ள ஆரோக்கியமான குழந்தைகளுக்கு, வீட்டுப் பாவனைக்கு என்பது வரையறை. ஆகவே உறவினர் அனுப்பும் பெட்டியில் 2021க்கு முந்திய கருவி இருக்கிறதா, பிந்தியது இருக்கிறதா என்பது அற்ப விடயம் அன்று. மூத்த பிள்ளைக்கு வாங்கி அலுமாரியில் கிடந்ததை எடுத்து அனுப்புவது நம்மவர் வழக்கம். அந்த அனுமதி நோயைக் கண்டறிவதற்கோ திடீர் மரணத்தைத் தடுப்பதற்கோ உரியதும் அல்ல.

இனி ஊர் நிலைமை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது இரவிலும் சுவர் சூடு கக்குகிறது. பிள்ளைக்கு ஒரு மெல்லிய சட்டைகூடப் பாரம். அந்த வெக்கையில் ஒரு பாதத்தை மட்டும் இரவு முழுவதும் உறைக்குள் வைத்தால் வியர்க்கும், சிவக்கும். ஒவ்வோர் இரவும் காலை மாற்றி மாட்ட வேண்டும். இரண்டாவது, மின்சாரம். உறையில் மின்கலம் இருக்கிறது; ஆனால் அலாரம் அடிக்கும் தளக்கருவி, அதாவது உறையோடு வரும் தனிப் பெட்டி, சுவர்ச் செருகியை நம்பியது. உறையும் தளக்கருவியும் தமக்குள் நேரே பேசிக்கொள்வதால் இணையம் போனாலும் அலாரம் வரும். மின்சாரம் போனால் யு.பி.எஸ். ஒன்று தாங்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். குரங்குக்குக் கட்டுப்பட்ட மின்சாரத்தை நம்பி அமெரிக்கர் யாரும் கருவி வடிவமைப்பதில்லை. மூன்றாவது, கைபேசிச் செயலி. 2.4 கிகாஹேட்ஸ் வைஃபை மட்டுமே அதற்குப் பிடிக்கும்; வீட்டு ரௌட்டரில் அது திறந்திருக்க வேண்டும். நம் நாட்டுக் கணக்கிலிருந்து செயலி இறங்குகிறதா என்பதை அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

விலை ஏறத்தாழ 300 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபாயாக வைத்தாலே 90,000 ரூபாய். அன்பளிப்பாக வந்தாலும் அது யாரோ ஒருவர் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணம்தான்.

இடுப்புக் கிளிப்

இரண்டாவது தெரிவு, பம்பர்ஸின் விளிம்பில் கவ்வும் சிறு கிளிப். தென்னாப்பிரிக்க நிறுவனமான ஸ்னூசாவின் 'ஹீரோ' இதற்கு உதாரணம். வயிற்றின் அசைவைத் தொட்டு உணர்கிறது. 15 விநாடி அசைவு இல்லாவிட்டால் தானே அதிர்ந்து பிள்ளையைத் தட்டும். 20 விநாடி ஆனால் அலாரம் அடிக்கும். இணையம் வேண்டாம், சுவர் மின்சாரம் வேண்டாம், செயலி வேண்டாம். மூதூரிலோ குச்சவெளியிலோ சமிக்ஞை சரியாக எட்டாத வீட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று முதலில் தோன்றும். எனக்கும் காலுறையை விட இதன் எளிமை பிடிக்கும்.

பிறகு நம் வீட்டை நினைத்துப் பார்த்தேன். பகலில் பிள்ளை ஏணையில் தூங்குகிறது. ஏணை ஆடினால் கிளிப்பும் ஆடும். அந்த ஆட்டத்தை மூச்சு என்று எடுத்துக்கொண்டு கிளிப் பேசாமல் இருக்கும். இரவில் தாயோடு ஒட்டிப் படுத்தால் தாயின் மூச்சையே பிள்ளையின் மூச்சாக எண்ணிவிடக்கூடும். வெக்கைக்குப் பம்பர்ஸ் கட்டாமல் துணியோடு விட்டால் கவ்வ இடமே இல்லை. பால் குடித்து வயிறு உப்பியிருக்கும்போது ஒரு மாதிரி, ஒட்டியிருக்கும்போது வேறு மாதிரி. தளர்ந்தால் வீண் அலாரம்.

இன்னொரு குறை எல்லா அசைவுக் கருவிகளுக்கும் பொது, அது தெரிந்திருப்பது முக்கியம். மூக்கும் வாயும் அடைபட்ட பிள்ளை உடனே அசையாமல் போய்விடாது. காற்றை இழுக்க நெஞ்சும் வயிறும் போராடும். அந்தப் போராட்டத்தையும் கருவி அசைவாகவே கணக்கெடுக்கும். மேலே சொன்ன 2001ஆம் ஆண்டு ஆய்வில், மூச்சு நின்ற கடுமையான நிகழ்வுகளில் ஏறத்தாழ 70 வீதத்தில் இப்படி அடைபட்ட மூச்சு முயற்சிகள் கலந்திருந்தன. பஞ்சுத் தலையணையில் முகம் புதைந்த பிள்ளைக்கு, அதுதான் நாம் உண்மையில் பயப்பட வேண்டிய நிலை, கிளிப் பிந்தியே குரல் கொடுக்கும்.

மெத்தைக்கு அடியில் வைப்பது, கமரா

மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரித் தட்டு பாயில் படுக்கும் வீட்டுக்கோ பெரிய கட்டிலில் பகிர்ந்து படுக்கும் வீட்டுக்கோ உதவாது. பக்கத்தில் படுத்தவரின் புரளலும் மின்விசிறியின் அதிர்வும் அதற்கு மூச்சுத்தான். இந்த வகையில் முன்னணியில் இருந்த ஏஞ்சல்கெயார் தட்டுகள் ஏறத்தாழ 600,000, அமெரிக்காவில் 2013இல் திருப்பி அழைக்கப்பட்டன. தட்டிலிருந்து வரும் வயர் பிள்ளையின் கழுத்தைச் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. வயர் உள்ள எதையும் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்ற பாடம் கைபேசி மின்னேற்றிக்கும் பொருந்தும். நம் கட்டில்களின் தலைமாட்டில் அது எப்போதும் தொங்குகிறது.

கமராவில் நனிட் போன்றவை பிள்ளையின் சட்டையிலோ பட்டியிலோ அச்சிட்ட கோலத்தின் அசைவைப் பார்த்து மூச்சை எண்ணுகின்றன. உடம்பில் மின்பொருள் எதுவும் இல்லை என்பது நல்லது. இணையம் இல்லாவிட்டால் பெரும்பயன் இல்லை. நுளம்பு வலைக்கு வெளியே நின்று பார்க்கும் கமராவுக்கு அந்தக் கோலம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. தாய் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும்போது கைபேசித் திரையில் பிள்ளையைப் பார்ப்பது எதற்கு என்பது வேறு கேள்வி.

ஒன்றும் மாட்டாமல் விடுவது

மாமியார் சொல்லும் தெரிவு இது. "சும்மா விடுவது" என்று அவர் இதை நினைக்கிறார். அப்படி நினைத்தால் தோற்றுவிடும்.

இதற்கு ஆதரவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் 2,560 குடும்பங்களிடம் பிள்ளையை எப்படித் தூங்க வைக்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வு 2012இல் வெளியானது. அங்கே பாகிஸ்தானிய வழிக் குடும்பங்களில் திடீர் மரணம் வெள்ளையரை விடக் குறைவு. பெற்றோரின் கட்டிலில் பிள்ளை தூங்குவதோ அவர்களிடம்தான் அதிகம். ஆனால் தாய்மார் புகைப்பதும் குடிப்பதும் மிகக் குறைவு, தாய்ப்பால் அதிகம், சோபாவில் பிள்ளையோடு தூங்குவது குறைவு, பிள்ளையைத் தனி அறையில் விடுவதும் குறைவு. நம் வீடுகளை ஒத்த பட்டியல் இது. தாயும் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் குறைந்தது ஆறு மாதத்துக்கு வலியுறுத்துகிறது. ஆனால் ஒரே படுக்கையை அது ஏற்பதில்லை. தாய்க்கு அருகே, தனிப் பரப்பில் என்பதே அதன் சொல். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த பிள்ளை, நான்கு மாதம் ஆகாத பிள்ளை, அருகில் புகைப்பவர், மது அருந்தியவர், தூக்க மருந்து எடுத்தவர் என்றால் ஒரே படுக்கை வேண்டவே வேண்டாம். இரவு கள்ளுக் குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கு வேறு பாய் போடுவது எந்தக் கருவியைவிடவும் பயனுள்ளது.

நம் பழக்கங்களில் கைவைக்க வேண்டியவையும் இருக்கின்றன, மாமியார்மார் என்னை மன்னிக்க வேண்டும். ஏணையில் பிள்ளை வளைந்து கிடக்கும். கழுத்துத் திடமாகாத பிள்ளையின் நாடி நெஞ்சோடு ஒட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். பத்துப் பாகைக்கு மேல் சரிந்த சிசுப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஏணை அதைவிட எவ்வளவோ வளைவு. ஆட்டித் தூங்க வைத்தால் தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாத்துங்கள். எல்லோரும் விழித்திருக்கும் பகல் பொழுதில், கண்ணெதிரே மட்டும் ஏணை. பிள்ளைப்பேற்றுக்கு அன்பளிப்பாக வரும், நுளம்பு வலையோடு தலையணையும் உருளைகளும் சேர்ந்த படுக்கைச் செற்றில் வலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். மெத்தை அமுங்கக் கூடாது. சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருளும் பிள்ளையின் அறையில் வேண்டாம். டெங்குக்குப் பயந்தால், பயப்படத்தான் வேண்டும், வலை போதும். வெக்கை நாளில் தொப்பியும் காலுறையும் போர்வையும் வேண்டாம். மின்விசிறி நேரே முகத்தில் படாமல் ஓடட்டும். கலிபோர்னியாவில் 2008இல் வந்த ஓர் ஆய்வில் விசிறி ஓடிய அறைகளில் திடீர் மரணம் குறைவாக இருந்தது. அதை மட்டும் வைத்து விதி எழுத மருத்துவர்கள் தயாரில்லை. நமக்கு அது எப்படியும் ஓட வேண்டிய சாமான்.

பிள்ளையின் மூச்சைக் கணக்கிட ஒரு மணிக்கூடு போதும். பிள்ளை அமைதியாகத் தூங்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் வயிறு எத்தனை தரம் எழுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையில் 60 அல்லது அதற்கு மேல், அதன் பின் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. இடையிடையே ஐந்து, பத்து விநாடி மூச்சை நிறுத்திவிட்டு வேகமாகத் தொடர்வது சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பு. இது தெரியாமல்தான் பலர் கருவி தேடுகிறார்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் இதையெல்லாம் எண்ணிக் காட்டுவார். அவர் தன் பகுதியில் பிறந்த பிள்ளைகளை வீட்டிலேயே வந்து பார்க்கும் ஏற்பாடு இந்த நாட்டில் இருக்கிறது. அனுப்பும் தமையனின் நகரத்தில் அந்த வசதி இப்படி வாசலுக்கு வருமா என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

யாருக்குக் கருவி பொருந்தும்

குறைமாதத்தில் பிறந்து மூச்சு நிற்கும் பிரச்சினையோடு வீடு திரும்பிய பிள்ளை, பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை, வீட்டில் ஒட்சிசன் பெறும் பிள்ளை: இவர்களுக்கு எந்தக் கருவி, எத்தனை நாள், எந்த எண்ணில் அலாரம் என்பதைக் குழந்தை வைத்திய நிபுணர் சொல்ல வேண்டும். கடைக் காலுறையின் அனுமதி ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். உண்மையில் தேவை உள்ள பிள்ளைக்கு அது எழுதப்படவே இல்லை.

இவர்களைத் தவிர்த்தால் ஒரேயொரு சந்தர்ப்பத்தில் நான் தடுக்க மாட்டேன். கணவன் கட்டாரில், தாய் தனியே, இரவில் அடிக்கடி எழுந்து பார்ப்பதால் அவளுக்கு நித்திரையே இல்லை, முதல் ஓரிரு மாதம் கருவி இருந்தால் கண் மூடுவாள் என்றால் மாட்டட்டும். ஆனால் கருவி மாட்டிய பின்பும் அவள் கைபேசியில் எண்ணையே பார்த்துக்கொண்டு விழித்திருந்தால், அது பதற்றம் கூடுவதன் அடையாளம். கழற்றி வைத்துவிட்டு அவளை வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். பிள்ளை பெற்ற பின் வரும் மனப்பதற்றத்துக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. அதைக் காலுறையால் மூட முடியாது.

அலாரம் அடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியை விற்பவர் யாரும் எழுப்புவதில்லை. பிள்ளையின் நிறம் எப்படி, தட்டினால் அழுகிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணைப் பிறகு பார்க்கலாம். பிள்ளை துவண்டு மூச்சு இல்லாமல் இருந்தால் ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவே இரு பெருவிரல்களால் அழுத்த வேண்டும். 30 அழுத்தம், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி இரண்டு ஊதல், மறுபடியும் 30. இதைப் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்றோர் பொம்மையில் செய்து காட்டும் வகுப்பில் கைபழக வேண்டும். இது தெரியாத வீட்டில் 90,000 ரூபாய்க் கருவியும் வெறும் சத்தம்தான்.

ஆகவே என் மருமகளுக்கு நான் சொன்னது: காலுறை வேண்டாம், உறுதியான சின்ன மெத்தை, பெரிய வலை, மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் விசிறி ஆகிய மூன்றையும் பிரதான வீதியிலேயே வாங்கலாம், அண்ணனைப் பணமாக அனுப்பச் சொல். அவள் அப்படியே எழுதினாள். சாமான் ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்டதாகப் பதில் வந்தது.

வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பத் தேவையில்லை. தயாரித்த ஆண்டையும் மாதிரியையும் பார்க்கட்டும். பிள்ளைக்கு ஒரு மாதம் நிறையும் வரை பெட்டி திறக்க வேண்டாம். ஏணையிலும் மடியிலும் மாட்டுவதில்லை. வெக்கை இரவுகளில் மாட்டுவதில்லை. காலில் பொட்டு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுவது. ஒரே இரவில் வீண் அலாரம் மூன்றாவது தடவை அடித்தால் அன்றைக்கு அணைத்துவிட்டுத் தூங்கலாம். பிள்ளை புரளப் பழகி, காலில் இருப்பதைக் கையால் இழுத்து வாயில் வைக்கத் தொடங்கும் நாளோடு உறையை நிறுத்திவிட வேண்டும். கின்னியாவிலோ பாலையூற்றிலோ அடுத்த பிள்ளை பிறக்கும் உறவினருக்குக் கைமாற்றும்போது அதன் கைநூலையும் சேர்த்தே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.